சேர்வராயன் மலையில் அசுவினியை எண்ணத் தொடங்குங்கள்: தோட்டக்கலைத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேலம் மாவட்டத் தோட்டக்கலைத் துறை அலுவலர்களுக்கும், ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலைய அறிவியலாளர்களுக்கும் வணக்கம்.

செடிச்சாற்றைக் குடித்து, பயிர்களில் நச்சுயிரி (வைரஸ்) நோய்களைப் பரப்பும் அசுவினி என்ற சிறு பூச்சிகளைப் பற்றிய ஆய்விலேயே என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. சேலத்தில் குடியிருந்துகொண்டு, மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிச் சென்று, காப்பித் தோட்டங்களுக்குள் ஊடுபயிராக நிற்கும் வாழைகளின் மட்டைகளை விலக்கிப் பார்த்து வருபவன் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். நேரில் சொல்லியிருக்கக்கூடியதைப் பொதுவில் எழுதக் காரணம் உண்டு. நான் கேட்கப்போவது துறையால் மட்டும் நடக்கக்கூடியதன்று. தோட்டக்காரர்களும், கன்று விற்பவர்களும், சமவெளியில் பப்பாளி பயிரிடுபவர்களும் இதைப் படித்தாக வேண்டும்.

என் வேண்டுகோள் இதுதான்: வாழையைக் குட்டையாக்கி இலைகளைக் கொத்தாக நிறுத்திவிடும் முடிக்கொத்து நச்சுயிரி நோய்க்கு மருந்து தெளிப்பதைப் பற்றிப் பேசுவதற்கு முன், சேர்வராயன் மலையில் அசுவினிகளை ஆண்டு முழுவதும் எண்ணிப் பதிவு செய்யவும், நடவுக்கு வரும் கன்றுகளைச் சோதிக்கவும் நிலையான ஓர் ஏற்பாட்டைச் செய்யுங்கள், நோயுற்ற வாழையை அகற்றும் விவசாயிக்கு இழப்பீடு கொடுங்கள்.

இந்த எண்ணம் எனக்கு வலுப்பட்டது வாழவந்திப் பக்கம் ஒரு தோட்டத்தில். மலையாளிப் பழங்குடிக் குடும்பம் ஒன்றின் நிலம் அது. சில்வர் ஓக் மர நிழலில் காப்பி, மரத்தில் ஏற்றிவிட்ட மிளகு, இடையிடையே வாழை. பாதிக்குப் பாதி வாழைகள் இடுப்புயரத்துக்கு மேல் எழவில்லை. இலைகள் குறுகி, ஓரம் வெளிறி, விறைப்பாக மேல் நோக்கி, ஒரே இடத்திலிருந்து கட்டி வைத்த கொத்துப் போல நின்றன. வீட்டுப் பெரியம்மா ஒரு குழியைக் காட்டி, "ஐயா, இந்த மண்ணுலதான் ஏதோ இருக்குது, இதுல எத்தனை தரம் வெச்சாலும் இப்படித்தான் ஆவுது" என்றார்.

அவர் கண்டது உண்மை. சொன்ன காரணம்தான் வேறு. நோயுற்ற வாழையை வெட்டும்போது தரைக்கு மேல் உள்ளதை மட்டும் வெட்டியிருந்தார்கள். கிழங்கின் துண்டு மண்ணில் தங்கி, அதிலிருந்து ஒரு பக்கக்கன்று மறுபடி முளைத்து, அதன் சாற்றைக் குடித்த அசுவினிகள் அருகில் புதிதாக நட்ட கன்றுக்கு நோயைக் கொடுத்திருந்தன. முடிக்கொத்து நச்சுயிரி மண்ணில் தங்கிப் பரவுவதில்லை. கத்தியாலோ கையாலோ தொற்றுவதில்லை. தொலைதூரத்துக்கு அது நடவுக் கன்றின் வழியாகவும், தோட்டத்துக்குள் வாழை அசுவினியின் வழியாகவும் செல்கிறது. இந்த இரண்டு வழிகளைத் தவிர மூன்றாவது வழி இல்லை என்பது நமக்குக் கிடைத்த பெரும் வாய்ப்பு. அதை நாம் பயன்படுத்தாமல் இருக்கிறோம் என்பதே என் ஆற்றாமை.

அந்தத் தோட்டத்துக்குக் கன்று எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ஏதோ ஒரு திட்டத்தில் லாரியில் வந்து இறங்கியது என்பதற்கு மேல் யாருக்கும் விவரம் தெரியவில்லை. வந்த கன்றுகளோடு எந்தச் சீட்டும் இல்லை; சோதித்ததற்கான குறிப்பும் இல்லை. கொடுத்தவர் யார் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒருவரைச் சுட்டுவதால் அந்தக் குடும்பத்துக்கு இரண்டு ஆண்டு வருமானம் திரும்பி வராது. ஆனால் இனி ஒரு லாரி மலையேறும்போது அதிலுள்ள கன்றுகள் எந்தத் தோட்டத்தில் எடுக்கப்பட்டவை, எப்போது சோதிக்கப்பட்டவை என்ற இரண்டு வரியாவது உடன் வர வேண்டும் என்று கேட்கும் உரிமை எனக்கு இருப்பதாகவே நினைக்கிறேன்.

இந்நோயின் வரலாறு முழுவதும் கன்றுகள் பயணம் செய்த வரலாறுதான். 1889-இல் பிஜித் தீவில் முதன்முதலாகப் பதிவான நோய், 1913 வாக்கில் ஆஸ்திரேலியாவை அடைந்து, 1920களின் நடுவில் அந்நாட்டின் வாழைப் பகுதிகள் சிலவற்றைக் கைவிட வேண்டிய நிலைக்குத் தள்ளியது. 1940 வாக்கில் இலங்கையிலிருந்து கேரளத்துக்கு வந்தது. பின்பு கீழ்ப்பழநி மலைகளுக்கு வந்து விருப்பாச்சி என்ற மலைவாழையைத் தாக்கியதை நம் தலைமுறையே பார்த்தது. ஒரு காலத்தில் 18,000 எக்டர் அளவில் இருந்த மலைவாழைப் பரப்பு 2,000 எக்டர் அளவுக்குச் சுருங்கியது. பழநிப் பஞ்சாமிர்தத்துக்கு மலைவாழை தேடி அலைய வேண்டியிருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த மலைகளில் நடந்தது சேர்வராயனிலும் நடக்கும் என்று சோதிடம் சொல்ல நான் வரவில்லை. நடக்காமல் தடுப்பதற்குத் தேவையான அறிவு அன்றைக்கும் கையில் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

அந்த அறிவின் நடுவில் இருப்பது ஒரு சிறு பூச்சி. வாழை அசுவினி கடுகளவுதான் இருக்கும், கரும்பழுப்பு நிறம், இறக்கை முளைத்தவற்றில் இறக்கை நரம்புகள் கருமை படர்ந்து தெரியும். இலையின் மேற்பரப்பில் தேடினால் கிடைக்காது. தரையை ஒட்டிய மட்டை இடுக்கிலும், விரியாத குருத்துக்குள்ளும், பக்கக்கன்றின் அடியிலும் கூட்டமாக ஒளிந்திருக்கும். நம் ஊரில் ஆண் துணையின்றியே, முட்டையிடாமல், நேராகக் குட்டிகளை ஈன்று பெருகும். குட்டி பத்துப் பதினைந்து நாளில் தாயாகிவிடும். அது கழிக்கும் தேன்திரவத்துக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கும். பொறிவண்டும் ஒட்டுண்ணிக் குளவியும் நெருங்காமல் விரட்டும். வாழையடியில் எறும்புச் சாரை தெரிந்தால் மட்டையை விலக்கிப் பாருங்கள் என்று தோட்டக்காரர்களிடம் நான் சொல்வது இதனால்தான்.

இதன் வாய் ஒரு மெல்லிய ஊசி. வாழையின் சாற்றுக்குழாய் வரை அந்த ஊசியைச் செலுத்தி, சில மணி நேரம் நிதானமாகக் குடித்தால்தான் நச்சுயிரி அதன் உடலுக்குள் போதிய அளவு சேரும். குடலைக் கடந்து, உடல் திரவத்தின் வழியாக உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்த பிறகே அது அடுத்த செடிக்கு நோயைக் கொடுக்க வல்லதாகிறது. அப்புறம் பல நாட்களுக்கு, பெரும்பாலும் ஆயுள் முழுவதும், அந்த ஆற்றல் நீடிக்கும். தாய் அசுவினியிடமிருந்து குட்டிக்கு நச்சுயிரி போவதில்லை. ஒவ்வொரு குட்டியும் நோயுற்ற வாழையைக் குடித்தே நோயைச் சுமக்க வேண்டும். ஆகவே நோயுற்ற செடி ஒன்றை உரிய முறையில் அகற்றினால், அதன் பிறகு பிறக்கும் அசுவினிகள் எத்தனை இருந்தாலும் அந்தச் செடியிலிருந்து நோயை எடுத்துச் செல்ல முடியாது.

'உரிய முறையில்' என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். பெரும்பாலான தோட்டங்களில் நான் காண்பது நேர்மாறானது. நோயுற்ற வாழையை வெட்டி வரப்போரம் போட்டுவிடுகிறார்கள். வெட்டிய வாழை வாடத் தொடங்கியதும் அதிலிருந்த அசுவினிகள் அடுத்த வாழையைத் தேடி ஊர்ந்தும் பறந்தும் போகின்றன. நெரிசலும் செடியின் வாட்டமும்தான் அசுவினிகளில் இறக்கையுள்ள தலைமுறையைத் தூண்டுகின்றன என்பதையும் இங்கே நினைத்துப் பாருங்கள். நோயை ஒழிக்க வெட்டியவர், தாம் அறியாமலே அதைப் பக்கத்துத் தோட்டத்துக்கு அனுப்பி வைக்கிறார். முதலில் அந்தச் செடியில் இருக்கும் அசுவினிகளைக் குருத்திலும் அடிமட்டையிலும் மருந்தோ மண்ணெண்ணெயோ ஊற்றிக் கொல்ல வேண்டும். அதன் பின்னரே கிழங்கோடும் பக்கக்கன்றுகளோடும் தோண்டி எடுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மறுமுளைப்பு இல்லாமல் அழிக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் வெட்டாமல் விட்டதைவிடக் கேடு. தோட்டம் முழுவதற்கும் மருந்தடிக்க இங்கே தேவை இல்லை. மருந்துக்கு நான் எதிரியும் இல்லை. ஒரு செடிக்கு, ஒரு நாள், ஒரு காரணத்தோடு அதைப் பயன்படுத்துங்கள் என்கிறேன்.

சமவெளியில் நிலைமை வேறு; அதனால்தான் எண்ணிக்கை இன்னும் முக்கியமாகிறது. வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் பகுதிகளில் பப்பாளி போட்டவர்கள் வளையப்புள்ளி என்ற நச்சுயிரி நோயோடு என்னிடம் வரும்போது, எந்த மருந்து என்பதே முதல் கேள்வியாக இருக்கிறது. பப்பாளியில் இந்த நச்சுயிரி அசுவினியின் ஊசி முனையில் ஒட்டிக்கொண்டு சில நொடிகளில் ஏறி, சில நொடிகளில் இறங்கிவிடுகிறது. பப்பாளியில் தங்கிக் குடும்பம் நடத்தும் அசுவினி அநேகமாக இருப்பதே இல்லை. தட்டைப்பயறு, அவரை, பருத்தி போன்ற பயிர்களில் பெருகி, அவை முற்றிக் காயும்போது இறக்கை கட்டிக் கிளம்பும் அசுவினிகள், போகிற வழியில் பப்பாளி இலையில் இறங்கி, இது தமக்கான செடியா என்று ஊசியால் குத்திச் சுவைத்துவிட்டுப் பறந்துவிடுகின்றன. அந்த ஒரு குத்தலே போதும். பூச்சிமருந்து அசுவினியைக் கொல்வதற்குள் நச்சுயிரி செடிக்குள் போயிருக்கும். சில நேரங்களில் மருந்தின் எரிச்சலால் அசுவினி அமைதியிழந்து கூடுதலான செடிகளைக் குத்தவும் செய்யும். இங்கே விவசாயியைக் காப்பாற்றக்கூடியது மூன்று விவரங்கள்: எந்த மாதத்தில் இறக்கை அசுவினிகள் மிகுதியாகப் பறக்கின்றன, எந்தப் பயிரிலிருந்து கிளம்புகின்றன, அந்த நாட்களில் பப்பாளிக் கன்று எந்த வயதில் இருக்கிறது. இந்த மூன்றும் தெரிந்தால் நடவு நாளைத் தள்ளி வைக்கலாம். வயலைச் சுற்றி மக்காச்சோளத்தை வரிசையாக முன்கூட்டியே விதைத்து, அசுவினி முதலில் அதைக் குத்தித் தன் ஊசியைத் துடைத்துக்கொள்ளுமாறு செய்யலாம். இவ்விவரங்களை நம் மாவட்டத்தில் ஆண்டுதோறும் எண்ணி வெளியிடுவோர் யாரும் இருப்பதாக நான் அறியவில்லை.

எண்ணிக்கையால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இந்திய உருளைக்கிழங்கின் கதையைச் சொல்வேன். விதைக்கிழங்கு மலைகளில்தான் நோயின்றி விளையும், ஏனெனில் குளிரில் அசுவினி குறைவு என்று நம்பப்பட்ட காலம் ஒன்று இருந்தது. வட இந்தியச் சமவெளிகளில் ஆண்டு முழுவதும் அசுவினிகளை எண்ணிப் பார்த்த மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தார், அக்டோபர் முதல் டிசம்பர் இறுதி வரையிலான காலத்தில் அங்கேயும் அசுவினி மிகக் குறைவாக இருப்பதைக் கண்டார்கள். அந்த இடைவெளியில் விதைப்பயிரை வளர்த்து, 100 கூட்டிலைகளுக்கு 20 அசுவினி என்ற அளவை எட்டுவதற்கு முன்பே செடியின் தழையை வெட்டிவிட்டால், கிழங்குக்குள் நச்சுயிரி இறங்காது. புஷ்கர்நாத் என்ற அறிவியலாளரின் பெயரோடு வழங்கும் இந்த முறையால்தான் நம் நாட்டின் விதைக்கிழங்கு உற்பத்தி சமவெளிக்கு இறங்கி வந்து பல மடங்கு பெருகியது. புதிய மருந்தோ புதிய ரகமோ அங்கே வரவில்லை. எண்ணினார்கள், எண்ணியதை நாட்காட்டியோடு பொருத்தினார்கள்.

இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் 12.2 மீட்டர் உயரக் குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சி, அதில் சிக்கும் அசுவினிகளை 1964 முதல் இடைவிடாமல் எண்ணி வருகிறார்கள். அவ்வளவு பெரிய கருவி நமக்கு வேண்டியதில்லை. மஞ்சள் நிறம் பறக்கும் அசுவினிகளை ஈர்க்கும் என்பதால், மஞ்சள் வண்ணம் பூசிய பேசின் ஒன்றில் தண்ணீர் ஊற்றி, இரண்டு சொட்டு சோப்புத் திரவம் விட்டு வைத்தால் போதும். கண்ணங்குறிச்சியில் ஒன்று, குப்பனூர்ப் பாதையின் அடியிலும் நடுவிலும் ஒவ்வொன்று, ஏற்காட்டு ஆராய்ச்சி நிலைய வளாகத்தில் ஒன்று, நாகலூர், மாரமங்கலம் பக்கம் விருப்பமுள்ள தோட்டங்களில் சில. வாரம் இருமுறை வடிகட்டி, அசுவினிகளைச் சாராயக் குப்பியில் இட்டு, உணர்கொம்பையும் பின்புறக் குழல்களையும் நுண்ணோக்கியில் பார்த்து இனம் பிரிக்க வேண்டும். வாழை அசுவினியைப் பொறுத்தவரை பேசின் மட்டும் போதாது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். குறிப்பிட்ட வாழைகளைத் தேர்ந்து, மாதந்தோறும் மட்டையை விலக்கி எண்ணியாக வேண்டும்.

இனம் பிரிப்பதில் அலட்சியம் கூடாது. ஏலக்காயில் தேமல் நோயைப் பரப்பும் அசுவினியும் வாழை அசுவினியும் ஒன்றே என்றுதான் நான் படித்த பழைய நூல்களில் இருந்தது. பின்னர் நடந்த மரபணு ஆய்வுகள், ஏலம், சேம்பு வகைகளில் வாழ்வது தனி இனம் என்று பிரித்துவிட்டன. பழைய நூலை நம்பி, வாழையைக் காப்பதாக எண்ணி வீட்டுப் பின்புறச் சேம்பை எல்லாம் பிடுங்கச் சொல்லியிருந்தால், ஒரு குடும்பத்தின் உணவை வீணாகப் பறித்திருப்போம்.

கன்றுகளைச் சோதிப்பதற்கான வசதி நமக்குத் தொலைவில் இல்லை. திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. திசு வளர்ப்புக் கன்றுகளுக்கு நச்சுயிரிச் சோதனையோடு கூடிய தேசியச் சான்றளிப்பு முறை 2006 முதல் நடைமுறையில் உள்ளது. வெளியில் தெரியும் அறிகுறியை மட்டும் நம்ப முடியாது. அசுவினி குத்திய பின் புதிய இலைகள் சில விரிந்தால்தான் நோய் கண்ணுக்குத் தெரியும். அதற்குள் அந்த வாழையின் பக்கக்கன்று பக்கத்து ஊரில் நடப்பட்டிருக்கும். கண்ணால் பார்ப்பவர்கள் இலையின் அடிப்புறத்திலும் காம்பிலும் கரும்பச்சைக் கோடும் புள்ளியுமாக விட்டுவிட்டு ஓடும் கீற்றுகளைத் தேட வேண்டும். கொத்தாக நிற்கும் வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். சோதித்த கன்று என்பதற்காக அது நோய் தாக்காத கன்று ஆகிவிடாது என்பதையும் விவசாயிகளிடம் தெளிவாகச் சொல்லுங்கள். நோயில்லாமல் வந்த கன்றை நோயுற்ற பழைய வாழைக்குப் பத்தடி தள்ளி நட்டால், சில வாரங்களில் இரண்டும் ஒன்றுதான். ஆஸ்திரேலியாவில் செய்த கள ஆய்வுகளில், புதிய தொற்றுகளில் பெரும்பாலானவை நோயுற்ற செடியிலிருந்து 20 மீட்டருக்குள்ளேயே நிகழ்ந்திருந்தன. அந்த நாடு தன் வாழையை மீட்டதும் இந்த அறிவால்தான்: அசுவினியே பரப்புகிறது என்பதை 1920களில் மகீ என்ற அறிவியலாளர் நிறுவினார், சட்டத்தின் துணையோடு தோட்டம் தோட்டமாகத் தேடி நோயுற்ற வாழைகளை அழித்து, நோயற்ற கன்றுகளை நட்டார்கள்.

சட்டம் நம்மிடமும் உண்டு. ஒரு பகுதியில் ஒரு பூச்சியையோ நோயையோ அறிவித்து, ஒழிப்பு நடவடிக்கையைக் கட்டாயமாக்கும் அதிகாரத்தை 1919-ஆம் ஆண்டின் சென்னை மாகாண வேளாண் பூச்சிகள், நோய்கள் சட்டம் அரசுக்கு அளித்தது. உள்நாட்டுத் தடுப்புக்காப்பு (குவாரண்டைன்) அறிவிக்கைகளிலும் வாழை முடிக்கொத்து நோய் இடம்பெற்றிருக்கிறது. ஆயினும் மலையில் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். அரை ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்துக்கு, ஒல்லியாக நிற்கும் வாழையும் ஒரு தாராவது தரும் என்ற நம்பிக்கை இருக்கும். இளமையில் நோய் கண்ட வாழை தார் தள்ளாது. ஒருமுறை நோயுற்றது ஒருபோதும் தேறாது. இதை நாம் அறிவோம். அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அகற்றும் வாழைக்கு இவ்வளவு என்று இழப்பீடும், அதே இடத்தில் நடச் சோதித்த கன்றும் கையில் இருந்தால், அவர்களே மண்வெட்டியை எடுப்பார்கள். பெரிய எஸ்டேட்டுகளின் எல்லைச் சரிவுகளில் கவனிப்பாரின்றி நிற்கும் வாழைகளை எஸ்டேட் உரிமையாளர்களும் அதே வாரத்தில் அகற்ற வேண்டும். ஒரு சரிவில் ஒருவர் அகற்றி மற்றவர் விட்டால், அகற்றியவரின் இழப்பு மட்டுமே மிச்சம்.

வாழவந்தித் தோட்டத்தில் அந்தக் குழிகளைத் தோண்டிக் கிழங்குத் துண்டுகளை எடுக்க நானும் உடன் இருந்தேன். பெரியம்மா ஒவ்வொரு துண்டையும் கையில் எடுத்து, இதிலிருந்தா முளைத்தது என்று கேட்டார். மறு நடவுக்கு நோயற்ற கன்று எங்கே கிடைக்கும் என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதில் உங்களிடமிருந்துதான் வர வேண்டும்.

என் பங்காக, சேர்வராயன் மலையில் நான் சேகரித்த அசுவினிக் கண்ணாடித் தகடுகளையும், இடமும் நாளும் குறித்த என் களக் குறிப்பேடுகளையும் ஏற்காடு ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொடுத்துவிட விரும்புகிறேன். இனம் பிரிக்கக் கற்றுக்கொள்ள விரும்பும் இளம் அலுவலர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் ஊதியமின்றிக் கற்றுத்தர முன்வருகிறேன். அடுத்த மழைக்கால நடவுக்கு முன் முதல் பேசின்களை வைத்துவிட்டால், கன்றுகள் மலையேறும் மாதங்களில் அசுவினி எவ்வளவு பறக்கிறது என்பதற்கான முதல் பதிவு நம் கையில் இருக்கும். பேசின்களை நானே வண்ணம் பூசிக் கொண்டுவருகிறேன். எங்கே வைக்கலாம் என்பதை மட்டும் தெரிவியுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
பூச்சியியல் ஆய்வாளன் ஒருவன்,
சேலம்